ஒரு முழம் காற்று

கட்டில் சட்டத்தை விரல் மடக்கித் தட்டுவார். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. தண்ணீர் கேட்கிறார் என்று நான் சொம்போடு எழுந்து போவேன். ஒரு மிடறு குடித்துவிட்டு, தூரத்தில் எதையோ கேட்பவர்போல் தலையைச் சாய்த்துக்கொள்வார். அவர் தாகத்துக்குத் தட்டவில்லை என்று எனக்குத் தெரியவந்தபோது அவரைப் புதைத்து ஒரு நாள் ஆகியிருந்தது.

அறுபதுகளின் கடைசி. ஜவ்வாது மலையின் மேல், ஓடு வேய்ந்த ஒரு சின்ன மருந்தகத்தில் நான் கம்பவுண்டர். போளூரில் பிறந்தவன், மலைக்குப் புதியவன், இருபத்தாறு வயது. டாக்டர் மாதத்தில் இரண்டு நாள் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சலும் பாம்புக்கடியும் என் கையில் இருந்தன. பயம் வெளியே தெரியாதபடி மருந்துப் புட்டியை இறுகப் பிடித்துக்கொள்வேன். எந்த நோயாளி வந்தாலும் முதலில் கதவையும் சன்னலையும் திறந்துவிடுவேன். காற்று வரட்டும். எனக்கு முழுமையாகத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

ஒரு மாசி மாதம் அவர் வந்தார். கையில் தகரப் பெட்டி, கழுத்தில் கம்பளித் துணி, உறைக்குள் ஒரு மருத்துவமனைச் சீட்டு. இரண்டு நுரையீரலிலும் காசநோய். ஊசி போட வேண்டும், நீண்ட நாள்.

"கப்பல்ல இருந்தீங்களா?" என்று கேட்டேன். சீட்டில் அப்படித்தான் ஏதோ எழுதியிருந்தது.

"தண்ணிக்குக் கீழ ஓடற கப்பல்," என்றார். "மேல ஓடறதுல பத்து வருசம். கீழ ஒண்ணரை வருசம். அந்த ஒண்ணரை வருசந்தான் இது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

மலைக்காரர். சாமை விதைக்கிற குடும்பம். திருப்பத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தபோது ஆள் எடுக்க வந்தவர்கள் பையன்களை நிற்கவைத்து உயரம் அளந்திருக்கிறார்கள், அளவில் தேறினார், பதினாறு வயதில் போய்விட்டார். கடலையே அதுவரை பார்த்ததில்லை. நம் நாட்டுக்கென்று நீர்மூழ்கி வாங்கப்போகிறார்கள், அதை ஓட்டப் பழகுவதற்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது கையைத் தூக்கியிருக்கிறார். வெளிநாட்டில், பனி உறைகிற ஏதோ வடக்குத் துறைமுகம். அங்கேதான் பழகினார்கள். கூட இருந்தவர்கள் அவரை 'மலை' என்று கூப்பிட்டார்களாம். நானும் இங்கே அவரை மலை என்றே சொல்கிறேன். பெயரைச் சொல்ல அவர் மனைவியிடம் நான் அனுமதி கேட்கவில்லை. கேட்கிற முகம் எனக்கு இல்லை.

ஊரில் முதல் வாரம் எல்லாரும் வந்து பார்த்தார்கள். நோய் என்று தெரிந்ததால் பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்டார்கள்.

"தண்ணிக்குள்ள சோறு எப்பிடிடா ஆக்குனீங்க?" என்றார் ஊர்க் கவுண்டர். மலைக்கு அவர் தாய்மாமன் முறை.

"அடுப்புலதான் மாமா."

"அடுப்பு அணையாது?"

"அது அணைஞ்சா நாங்களும் அணைஞ்சிடுவோம்."

பின்னால் இருந்து ஒரு கிழவி, "அது கெடக்குது. வெளிக்கு எங்கடா போவீங்க?" என்றாள். மலை சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் துணியில் சிவப்பாகி, பத்தடி தள்ளி இருந்தவர்கள் இருபதடி தள்ளிப் போனார்கள். அதற்குப் பிறகு யாரும் கதை கேட்க வரவில்லை.

சாமைக் கொல்லையின் ஓரத்தில் அவருக்குத் தனியாக ஒரு கொட்டாய் போட்டார்கள். புல் வேய்ந்த கூரை, மண் சுவர், குனிந்து நுழைகிற வாசல். கணவன் மனைவியாக அவர்கள் சேர்ந்து இருந்த நாட்களை விடுப்புக் காலங்களைக் கூட்டித்தான் சொல்ல வேண்டும், பிள்ளை இல்லை. அவள் ஒருத்திதான் கொட்டாய்க்குள் கூச்சமில்லாமல் போய்வந்தாள். கேழ்வரகுக் களியைத் தட்டில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தின்று முடிக்கும்வரை வாயையே பார்ப்பாள். தள்ளி உட்காரச் சொன்னேன். "இம்மாம் வருசமா தள்ளித்தான சாரு உக்காந்திருந்தேன்," என்றாள்.

கொட்டாய்க்கு ஒரு படல் கதவு இருந்தது. அதை மூடவே விடமாட்டார். மழைச் சாரல் அடித்தாலும், ஆடு உள்ளே வந்தாலும், திறந்தே கிடக்க வேண்டும். காற்றுக்காகத்தான் என்று நான் மகிழ்ந்துபோனேன். என் வைத்தியத்தைப் புரிந்துகொண்ட ஒரே நோயாளி.

இன்னொன்றும் பார்த்தேன். ஆனியில் கொஞ்சம் தேறியிருந்தார். என்னோடு மெதுவாக ஏரிப் பக்கம் நடந்து வந்தார். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. சரிவில் பழங்காலத்துக் கல்லறைகள் இருக்கின்றன. பலகைக் கற்களை நான்கு பக்கம் நிறுத்தி மேலே ஒரு கல்லைப் படுக்கப்போட்டு, உள்ளே ஆள் குந்துகிற அளவு இடம். முன்பக்கத்தில் ஒரு ஓட்டை. மலைக்காரர்கள் 'வாலியர் வூடு' என்பார்கள், முன்னே இங்கே வாழ்ந்து மறைந்த குள்ள மனிதர்களின் வீடாம். நான் ஓடிப்போய் ஒன்றுக்குள் புகுந்துகொண்டேன். "வாங்க, உள்ள வாங்க," என்று கத்தினேன். அவர் வரவில்லை. அந்தக் கல் வீட்டைப் பார்த்தபடி மழையில் நின்றார். கம்பளித் துணி நனைந்து கழுத்தில் தொங்கியது. அன்று இரண்டு கரண்டி மருந்து கூடுதலாகக் கொடுத்துத் திட்டினேன். மூடிய இடம் என்றால் மூச்சு முட்டும் இவருக்கு, பாவம், என்று மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

இப்படி இரண்டு மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டு ஒரு மனிதனைத் தெரிந்துகொண்டதாக நினைத்தேன்.

அவர் பேச்சில் அடிக்கடி வந்தவர் பாய். வாணியம்பாடிக்காரர், தோல் மண்டிக் குடும்பம், மலையோடு அதே நீர்மூழ்கியில் பழகியவர். உள்ளே ஆளுக்கொரு படுக்கை கிடையாதாம். இரண்டு பேருக்கு ஒன்று. ஒருவர் வேலைக்கு எழுந்து போனதும் மற்றவர் அதில் வந்து விழ வேண்டும். மலையும் பாயும் ஒரு படுக்கைக்காரர்கள்.

"பாய் எழுந்து போன சூட்டுலயே நான் படுப்பேன். தலகாணில அவன் எண்ணெ வாசனெ. எனக்குப் பொண்டாட்டி வாசனெ மறந்து போச்சி, பாய் வாசனெ மறக்கல," என்பார். மனைவி களி கிண்டிக்கொண்டே, "அப்ப அவரையே கட்டிகினு இருக்கறதுதான," என்பாள்.

குளிக்கத் தண்ணீர் இல்லை, பகல் எது இரவு எது தெரியாது, ரொட்டி ஈரத்தில் பூத்துப்போகும், எதைத் தொட்டாலும் டீசல் நாறும். உரக்கப் பேசக் கூடாது. உலக்கை கீழே விழுந்தால்கூடத் திட்டாத மலைக்காரர்கள் நடுவே வளர்ந்தவர் அங்கே கரண்டி விழுந்த சத்தத்துக்கு மூச்சை நிறுத்திக் காத்திருக்கப் பழகினார். கொண்டுபோன சாமை அரிசியைக் கால் படி மிச்சம் வைத்திருந்து, பாயின் பெருநாள் அன்று பால்பொடி கலந்து பாயசம் மாதிரி ஒன்று செய்தாராம். "வாயில வெக்க முடியல. அழுதுட்டுத் தின்னான்," என்றார்.

நோய் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பது அவர்களுக்குள் தீராத வழக்கு. பாயும் சில மாதம் பின்னால் அதே சீட்டோடு வாணியம்பாடிக்கு வந்துவிட்டார். பதினைந்து நாளைக்கு ஒரு கடிதம் வரும். நான்தான் படித்துக் காட்டுவேன். மலைக்கு அப்போது கண் முன்னால் எழுத்து ஆடத் தொடங்கியிருந்தது. "நான் முதலில் இருமினேன், நீ என்னை மன்னிக்க வேண்டும்" என்று பாய் எழுதுவார். "பொய். நான்தான் மொதல்ல. எழுது கம்பவுண்டரே," என்பார் இவர். இரண்டு பேருக்கும் குற்றம் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசை.

புரட்டாசியில் எடை இறங்கியது. ஊசி மருந்து முதலில் தாமதமாக வந்தது, பிறகு வந்தும் பயனில்லை. ஒரு காலை, களியைத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"நான் போய்ட்டா என்ன இங்கதான் பொதைப்பாங்க. குழி எப்படி இருக்கணும்னு ஒரு மொறெ கீது. பாய்க்குத் தெரியும். உனக்கும் சொல்லிடறேன். எழுதிக்கினு மாமங்கிட்ட கொடு. நான் சொன்னா கோவிச்சிக்குவாரு. எழுத்துன்னா கேப்பாரு."

அவள் சுவரைப் பார்த்தாள். நான், "இப்ப இன்னாத்துக்கு அந்தப் பேச்சு? தைக்குள்ள நடக்க வெக்கறேன் பாருங்க," என்றேன். வாய் தானாகச் சொல்லியது. எத்தனை கட்டில் ஓரத்தில் நின்று அதையே சொல்லியிருக்கிறேன். அவர் விடவில்லை. "இந்த ஒண்ணத்தான் கேக்கறேன் உன்ன. வேற ஒண்ணும் வேணாம்."

"சரி. கீழ போய் மருந்து எடுத்துகினு வர்றேன். வந்து எழுதிக்கறேன். சத்தியமா."

"மறக்காத."

ஆலங்காயத்துக்கு நடந்து இறங்கி, பஸ் பிடித்து, திருப்பத்தூரில் மருந்துக்காக இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். பையில் பேனாவும் காகிதமும் இருந்தன. அவர் சொல்வதை எழுத அன்று காலையே கால் மணி நேரம் போதும். அதை எத்தனை முறை நினைத்திருக்கிறேன். கால் மணி நேரம்.

மூன்றாம் நாள் முற்பகலில் மலை ஏறும்போதே மேளச் சத்தம் கேட்டது. விடியற்காலையில் போய்விட்டாராம். கொட்டாயின் முன்னால் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். வாணியம்பாடிப் பக்கம் போகிற லாரிக்காரன் ஒருவனிடம் பாய்க்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். அவர் வர மறுநாள் ஆகும். இந்த நோய்க்காரப் பிணத்தை அதுவரை வைக்க மாட்டார்கள்.

அவள் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். அழுது முடித்த முகம்.

"உங்கிட்ட குழியப் பத்தி இன்னாவோ சொல்றேன்னாரே சாரு. சொன்னாரா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்ட ஒரே ஒரு காரியம் அது. என் சத்தியம் அதன் மேல் இருந்தது. ஊரே என்னைப் பார்த்தது. திறந்த படல் எனக்கு நினைவுக்கு வந்தது. மழையில் நின்றது நினைவுக்கு வந்தது. ஏழு மாதமாக அவர் மூச்சுக்குப் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

"மூச்சு முட்டும்னு அவருக்குப் பயம்," என்றேன். "மேல மண்ணு விழக் கூடாது. கொஞ்சம் காத்துக்கு எடம் வுட்டு, கல்லு மூடி, அதுக்கு மேலதான் மண்ணு."

ஊர்க் கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். "மண்ணுக்கு மேல கல்லு வெப்போம். மண்ணுக்குள்ள கல்லு வெக்கற வழக்கம் நமக்கு இல்ல. அது வாலியருங்க வழக்கம்."

"அவரு கேட்டது மாமா," என்றாள் அவள்.

"கேட்டானா? எழுதிக் கொடுத்தானா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமென்று தலையை ஆட்டினேன். பொய்யென்று எனக்கே தோன்றாத அளவுக்கு நம்பிக்கையோடு ஆட்டினேன்.

"அப்ப சரி. எவன் கேக்கப்போறான் நம்மள," என்றார் அவர்.

அதற்குப் பிறகு அந்த மனிதர்கள் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆறு பேர் கடப்பாரையோடு சரிவுக்குப் போனார்கள். யாரும் புழங்காத பாறையில் பலகைகளாகப் பிளந்துகிடந்த கற்களை நெம்பி, கட்டையில் வைத்து உருட்டி, தோளில் தூக்கி, இரண்டு மணி நேரத்தில் ஐந்து பலகை கொண்டுவந்தார்கள். குழியின் நான்கு பக்கமும் வரிசைக்கல் அடுக்கினார்கள். உடலை இறக்கினார்கள். நெஞ்சுக்கும் மூடுகல்லுக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருக்கிறதா என்று ஊர்க் கவுண்டரே கை நீட்டி அளந்து பார்த்தார். கற்களுக்கு நடுவே இருந்த இடுக்கில் ஈர மண் குழைத்துப் பூசினார்கள். நோய்க்குப் பயந்து இருபதடி தள்ளி உட்கார்ந்தவர்கள்தான். அன்று குழிக்குள் இறங்கி, அவர் முகத்தில் ஒரு மண் பொட்டுக்கூட விழாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் என் பக்கம் திரும்பி, "நல்லா கீறாரு இல்ல?" என்றாள்.

"நல்லா இருக்கார்," என்றேன்.

மறுநாள் நண்பகலில் பாய் வந்தார். ஆலங்காயத்திலிருந்து அந்த நுரையீரலோடு ஏறி வந்திருக்கிறார். நாற்பது அடிக்கு ஒருமுறை உட்கார்ந்து வந்ததாகச் சொன்னார். மெலிந்த, உயரமான மனிதர். தலையில் வெள்ளைத் தொப்பி. உதடு நீலம் பாரித்திருந்தது. அவளைப் பார்த்துத் தலை குனிந்து நின்றார். அவளும் பார்த்தாள். கடிதத்தில் மட்டும் தெரிந்த ஆள்.

குழியைக் காட்டினோம். அவள் பெருமையாகச் சொன்னாள்: "நீங்க கவலப்படாதீங்கண்ணா. அவரு கேட்ட மாதிரியே செஞ்சிட்டோம். மேல மண்ணு படல. உள்ள கல்லு வூடு கட்டி, காத்து வுட்டு, ஒரு முழம்."

பாயின் முகத்தில் அப்போது ஓடியதை நான் மட்டும்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு மண்மேட்டருகே முழங்கால் போட்டு, குனிந்து, காதை மண்ணில் வைத்தார். வெகு நேரம். அவர்கள் முறையில் ஏதோ தொழுகை என்று எல்லாரும் மரியாதையாகத் தள்ளி நின்றோம்.

எழுந்து, தொப்பியைத் தட்டிவிட்டுக்கொண்டு, "ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்கம்மா," என்றார். "அவன் கேட்டதுதான்."

அவரை இறக்கிவிட நான் கூடப் போனேன். முதல் வளைவு தாண்டியதும் அவர் ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

"யார் சொன்னாங்க, காத்து விடச் சொல்லி?"

"நான்தான்."

"அவன் சொன்னானா உங்ககிட்ட?"

"சொல்றேன்னு சொன்னார். நான் கேக்கல. கதவத் தொறந்தே வெச்சிருப்பார். அத வெச்சி நானா…"

பாய் தலையை ஆட்டினார். கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அங்க ஒரு கிழவர் எங்களுக்குப் பழக்கினார். சண்டைக் காலத்து ஆள். அவங்க பாஷைல சொல்லுவார், ஒருத்தர் மாத்திச் சொல்லுவார். ஒரு நாள் மாத்திச் சொல்றவர் வரல. கிழவர் எங்களை உக்கார வெச்சி சும்மா மேசையத் தட்டினார். மூணு தட்டு. நிறுத்தினார். மறுபடி மூணு. தட்டிக்கிட்டே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமா மெதுவாச்சு. அப்புறம் ஒண்ணொண்ணா. அப்புறம் நின்னுபோச்சு. கையில கணக்குக் காட்டினார், மூணு நாள். எங்களுக்குப் பாஷை வேண்டியிருக்கல." பாய் மூச்சு வாங்கினார். "அடில போய் உக்காந்துட்ட ஒரு படகு. முன்னாடி இருந்தவங்க தண்ணி வந்ததும் போய்ட்டாங்க. பின்னாடி அறையில காத்து இருந்தது. அவங்கதான் தட்டினாங்க. மேல கப்பல்ல இருந்து கேட்டவர் இந்தக் கிழவர். கேக்கத்தான் முடிஞ்சது."

கீழே எங்கேயோ ஆட்டு மணி.

"அன்னிக்கு மலை எங்கிட்ட சத்தியம் வாங்கினான். தண்ணி வந்தா தண்ணியோட போயிடணும் பாய், மிச்சக் காத்துல குந்திக்கினு தட்டக் கூடாதுன்னான். அதோட விடல. செத்தப்புறம் எங்க ஊர்ல பொதைப்பாங்க, மண்ண நேரா மேல போடச் சொல்லு, இடுக்கே இருக்கக் கூடாது, ஒரு விரல் காத்துகூட வேணாம்னான். முதல்ல போறவனுக்கு மத்தவன் பாத்துக்கணும். கதவா? கதவை மூடிட்டா அந்தப் பக்கம் யாராவது மாட்டிக்கிட்டு நிப்பாங்க. அதுக்குத்தான் தொறந்து வெச்சது."

"அங்க இன்னா பண்ணீங்க? காத வெச்சி?"

"சும்மாதான்," என்றார். "தட்டறானான்னு பாத்தேன்."

தோண்டி எடுத்துவிடலாமா என்று கேட்டேன். புதைத்த குழியைத் திறப்பது மலையில் எப்படிப்பட்ட காரியம் என்று தெரிந்தே கேட்டேன். பாய் கையை அசைத்தார். "அந்தம்மா முகத்தைப் பாத்தீங்கல்ல? வாழ்ந்ததுல அவனுக்கு அவங்க செய்ய முடிஞ்சது அது ஒண்ணுதான். அதையும் நாம பிடுங்கணுமா? விடுங்க. செத்தவனுக்குத் தெரியாது." ஆலங்காயம் போய்ச் சேரும்வரை இதையே நாலு தடவை சொன்னார், செத்தவனுக்குத் தெரியாது என்று.

ஒரு வருடம் ஓடியது. வேலை மாற்றம் கேட்டு எழுதினேன், கிடைக்கவில்லை. சரிவுப் பக்கம் போக நேர்ந்தால் சுற்றிப் போனேன். எந்தக் கட்டிலில் யார் விரல் பட்டுச் சத்தம் வந்தாலும் கையில் இருந்ததைக் கீழே போட்டேன்.

அடுத்த ஐப்பசியில் மழை ஒன்பது நாள் விடாமல் பெய்தது. பத்தாம் நாள் காலையில் அவள் மருந்தகத்துக்கு ஓடிவந்தாள். காலெல்லாம் சேறு.

"கல்லு ஒடைஞ்சிட்டுது சாரு. மண்ணு உள்ள எறங்கிட்டுது."

போய்ப் பார்த்தேன். நடுப்பலகை இரண்டாகப் பிளந்து, மேடு முழுவதும் ஒரு ஆள் நீளத்துக்குத் தாழ்ந்து, செம்மண் குழம்பாக நிறைந்துகிடந்தது. ஒரு குமிழி வந்து உடைந்தது. அது கடைசிக் காற்றாக இருக்கலாம். சேற்றில் நின்றுகொண்டு, ஒரு வருடத்தில் முதல்முறையாக என் தோள் இறங்கியதை உணர்ந்தேன்.

"மாமங்கிட்ட சொல்லி ஆளுங்கள வரச் சொல்லி கீறேன்," என்றாள். "மண்ண வாரிட்டு வேற கல்லு போடணும். நீ சொல்லு அவங்களுக்கு, எப்பிடி வெக்கணும்னு. நீதான மொறெ தெரிஞ்சவன்."

"வேணாம்," என்றேன். "அப்படியே இருக்கட்டும்."

"இன்னா பேச்சு பேசற? மூஞ்சி மேல மண்ணு கீது சாரு அவருக்கு."

பாயைப் போல நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. அதற்கு வேண்டிய வலு என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கிழவர், மேசை, மூன்று நாள், சத்தியம். எழுதாமல் போன கால் மணி நேரம். ஊரின் முன்னால் ஆட்டிய தலை. முடிந்ததும் குழியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"உசுரோட இருந்தப்ப கேட்டாரே. அப்ப கேக்கலியே நீ."

பிறகு குனிந்து இரண்டு கையாலும் சேற்றை வாரி அந்தப் பள்ளத்தில் போட்டாள். மறுபடி வாரிப் போட்டாள். நானும் குனிந்தேன். "நீ போடாத," என்றாள். கடப்பாரையோடு வந்தவர்களை அவளே திருப்பி அனுப்பினாள். என்ன காரணம் சொன்னாளோ, என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தாலும் அவள் மருந்தகத்துக்கு வந்ததில்லை. போளூருக்கு நடந்து போனாள்.

பாயிடம் சொல்ல வேண்டும் என்று வாணியம்பாடிக்குப் போனேன். மாடி அறை, கீழே முற்றத்தில் தோல்கள் உலர்ந்தன, அந்த வாடை படுக்கைவரை வந்தது. உடம்பு முடிந்துபோயிருந்தது. கல் உடைந்ததைச் சொன்னேன், மண் நிறைந்ததைச் சொன்னேன், குமிழியைக்கூடச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு விரலை மடக்கிக் கட்டில் சட்டத்தில் மூன்று முறை தட்டினார். காத்திருந்தார். சன்னலுக்கு வெளியே யாரோ தோலை உதறினார்கள்.

"பதில் இல்ல," என்றார். "நல்லது."

போக எழுந்தபோது என் கையைப் பிடித்தார். "எங்கள்ல குழிக்குள்ள பலகை வெப்பாங்க. மையத்து மேல மண்ணு விழக் கூடாதுன்னு. எங்க அத்தாவுக்கும் அப்படித்தான் வெச்சாங்க. நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல. நீங்களும் சொல்லிடாதீங்க. அவங்க பிரியத்துல செய்யறது."

"உங்களுக்கு?"

"மலைக்கு மண்ணு இறங்க ஒரு வருசம் ஆச்சு," என்றார். "எனக்கும் ஆகும்."

மார்கழியில் செய்தி வந்தது. போனேன். தெருவே திரண்டிருந்தது. அவரைக் கிடத்திய சந்தூக்கைத் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிப் போனார்கள். எனக்கும் பத்தடி தூரம் கொடுத்தார்கள். கனமே இல்லை. குழியில் இறக்கி, முகத்தைத் திருப்பிவைத்து, பலகைகளை ஒவ்வொன்றாகச் சாய்த்து அடுக்கினார்கள். அவருடைய தம்பி குழிக்குள் நின்று, பலகைகளுக்கு நடுவே விரல் வைத்துத் தடவிப் பார்த்து, இடுக்கு கண்ட இடமெல்லாம் களிமண் உருண்டையை வைத்து அழுத்தினார். ஒன்றையும் விடவில்லை. அழுதுகொண்டே, அவ்வளவு கவனமாக. ஊர்க் கவுண்டரின் நீட்டிய கை எனக்கு ஞாபகம் வந்தது.

மூன்று கைப்பிடி மண் போடச் சொன்னார்கள். போட்டேன். பலகையில் விழுந்தது. அடியில் இடம் இருக்கிறது என்று சொல்லும் சத்தம்.

எல்லாரும் கலைந்தார்கள். எனக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. அன்று எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த கபர்ஸ்தான்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா சார், இன்னும் போகலியா?"

"இதோ," என்றேன்.

அவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தும்வரை காத்திருந்தேன். சத்தம் அடங்கியதும் மண்ணருகே குந்திக் காது கொடுத்தேன்.